ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்... உங்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா? - ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

டாக்டர் சீட்டில் எழுதித் தருவது ஒரே ஒரு வரிதான். 'எம்.ஆர்.ஐ, எல்.எஸ் ஸ்பைன்.' அதை வாங்கிக்கொண்டு வெளியே வரும் குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரி வாசல் தாண்டுவதற்குள் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். எங்கே எடுப்பது? எவ்வளவு ஆகும்? உள்ளூரிலேயே எடுத்தால் சரியாகப் பார்ப்பார்களா, மதுரைக்கே போய்விடலாமா? எல்லாவற்றுக்கும் மேல், வீட்டு பீரோவில் இருக்கும் அந்தக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில், மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் போகும் சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். ஒன்று நூற்பாலைகளின் ஊர். பக்கத்திலேயே சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இன்னொன்று ஆண்டாள் கோயில், பால்கோவா, மாவட்ட நீதிமன்றம் என்று இருக்கும் ஊர். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் ஸ்கேன் சென்டர்களும் இருக்கின்றன. ஆனாலும், 'எதற்கும் மதுரைக்கே போய்டலாம்' என்று பஸ் ஏறுபவர்களும், 'கார்டு செல்லும்னு நினைச்சுட்டோம்' என்று கவுன்டரில் நின்று கடன் கேட்டு போன் போடுபவர்களும் உண்டு. தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரு வீண் அலைச்சல் என்றால், ஒரு நாள் கூலியும் சேர்த்துப் போகிறது.

அந்த அலைச்சலைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

'இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களா?' - இந்தக் கேள்வி ஏன் போதாது?

கவுன்டரில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இங்க இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களா?" என்பதுதான். "எடுப்போம்" என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி ஏதோ ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கலாம். ஆனால், உங்கள் கையில் இருக்கும் அட்டைக்கு, உங்களுக்கு எழுதிய ஸ்கேனுக்கு, அட்மிட் ஆகாமல் வந்து எடுத்துவிட்டுப் போவதற்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம்.

ஸ்கேன் என்பது பெரும்பாலும் புறநோயாளியாக வந்து எடுத்துக்கொண்டு போகும் பரிசோதனை. ஆனால், நம் நாட்டில் விற்கப்படும் வழக்கமான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள், ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறும் செலவுக்கானவை. இந்த இடத்தில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

எந்த அட்டை எப்படிச் செயல்படும் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரே எம்.ஆர்.ஐ சீட்டு மூன்று வீடுகளுக்கு எழுதப்படுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று, ராஜபாளையம் மில் தொழிலாளி வீடு. இரண்டு, சத்திரப்பட்டி விசைத்தறித் தொழிலாளி வீடு. மூன்று, சென்னையில் வேலை பார்க்கும் மகன் எடுத்துக் கொடுத்த பாலிசியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பெற்றோர்.

மில் தொழிலாளி வீடு: சம்பளச் சீட்டைப் பாருங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ திட்டத்துக்குள் வருகிறார்கள். பொதுவாக, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் சுமார் 113 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகம் சுமார் 488 ரூபாய் கட்டும். சம்பளச் சீட்டில் 'இ.எஸ்.ஐ' என்று ஒரு பிடித்தம் இருந்தால், அந்த வீட்டுக்கு இந்த உரிமை இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், இ.எஸ்.ஐ புறநோயாளி சிகிச்சைக்கும் சேர்த்து உள்ள திட்டம். டாக்டரைப் பார்ப்பது, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாமே அதற்குள் வரும். தொழிலாளிக்கு மட்டுமல்ல, திட்டத்தில் பதிவு செய்த குடும்பத்தினருக்கும் உண்டு. வழக்கமான தனியார் பாலிசியில் கிடைக்காத வசதி இது.

ஆனால், வரிசை முக்கியம். முதலில் இ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவை என்றால் பரிந்துரைச் சீட்டு தருவார். இ.எஸ்.ஐ மருத்துவமனையில் அந்த ஸ்கேன் வசதி இருந்தால் அங்கே எடுக்கலாம். இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் சிவகாசியிலும், சற்றுத் தள்ளி மதுரையிலும் இ.எஸ்.ஐ மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே வசதி இல்லையென்றால், ஒப்பந்தம் செய்துள்ள மையத்துக்கு அனுப்புவார்கள். நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை.

நேராகத் தனியார் சென்டருக்குப் போய்ப் பணம் கட்டி எடுத்துவிட்டு, பிறகு பில்லைக் கொண்டுபோய் மருந்தகத்தில் நீட்டினால் அந்தப் பணம் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை வேறு. ஆனால், நாள் குறித்துப் போய் எடுக்கும் ஸ்கேனுக்கு மருந்தகத்துச் சீட்டுதான் முதல் படி. சந்தேகம் இருந்தால் இ.எஸ்.ஐ-யின் 1800 11 2526 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

விசைத்தறி வீடு: முதல்வர் காப்பீட்டு அட்டை

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தறிக்கூடங்களிலும், கூலிக்கு வீட்டிலேயே வேலை செய்யும் குடும்பங்களிலும் இ.எஸ்.ஐ இருக்காது. இவர்களுக்கு உதவுவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் விரிவாக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, 1,090 சிகிச்சை முறைகளோடு 52 பரிசோதனை முறைகளும் இதில் இடம்பெற்றன. அதாவது, ஸ்கேனுக்கும் இந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், மூன்று விஷயங்கள் பொருந்தி வர வேண்டும். எழுதிக்கொடுத்த ஸ்கேன் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். எடுக்கும் இடம் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையாகவோ பரிசோதனை மையமாகவோ இருக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான். முதலில் பணம் கட்டி எடுத்துவிட்டு, பில்லோடு போய்த் திரும்பக் கேட்கும் திட்டம் இல்லை இது. எனவே, தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டாக இருந்தாலும், அதை எடுத்துக்கொண்டு முதலில் அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் விசாரிப்பது நல்லது. எந்த மையம் பட்டியலில் இருக்கிறது, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு, விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். ஏற்கெனவே அட்டை இருப்பவர்கள், கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கவுன்டரில் நிற்கும்போது 'பேர் இல்லையேம்மா' என்று கேட்க நேரக் கூடாது.

தனியார் பாலிசி வீடு: பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு மகன் 5 லட்சத்துக்கு பாலிசி எடுத்து வைத்திருக்கிறார். அப்பாவுக்கு இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ எழுதியாகிவிட்டது. மகன் போனில், "கார்டைக் காட்டுங்கப்பா, கேஷ்லெஸ்தான்" என்கிறார். ஆனால், ஸ்கேன் சென்டரில் அந்தக் கார்டு செல்லாது.

காரணம் எளிது. வழக்கமான பாலிசியில் கேஷ்லெஸ் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. புறநோயாளி செலவுக்கு என்று தனியாக 'ஓ.பி.டி கவர்' சேர்த்து வாங்கியிருந்தால் மட்டுமே, வந்து எடுத்துவிட்டுப் போகும் ஸ்கேனுக்குப் பணம் கிடைக்கும். அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'எங்கும் கேஷ்லெஸ்' வசதியும் 15 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனைகளில் அட்மிட் ஆவதற்குத்தானே தவிர, ஸ்கேன் சென்டருக்கு அல்ல.

'அப்படின்னா ஒரு நாள் அட்மிட் ஆகிட்டு ஸ்கேன் எடுத்துக்கலாமே' என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது என்பது, மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு விதி. ஸ்கேன் பணமும் போய், படுக்கைக் கட்டணமும் கையிலிருந்து போகும்.

அதற்காக ஸ்கேன் செலவு முழுக்க நம் கணக்கு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, 'ஆபரேஷன் தேவை' என்று டாக்டர் சொல்லி, அதே நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய நாள்களில் அதற்காகச் செய்த செலவையும் பாலிசியில் கேட்கலாம். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில், இது சேர்வதற்கு முன் 30 நாள்கள், வீடு திரும்பிய பின் 60 நாள்கள். மற்ற பாலிசிகளில் நாள் கணக்கு மாறும். உங்கள் பாலிசிப் பத்திரத்தில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே, பணம் கட்டி ஸ்கேன் எடுத்தாலும் நான்கு காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டு, நோயாளியின் முழுப்பெயரோடு தேதி போட்ட ஒரிஜினல் பில், பணம் கட்டிய ரசீது, ஸ்கேன் ரிப்போர்ட். ஆதாரில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பில்லில் வெறும் செல்லப்பெயராக மாறினால்கூட க்ளெய்ம் நேரத்தில் விளக்கம் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம். டாக்டரிடம் பேச்சுவாக்கில், "பத்து வருஷமாவே இந்த வலி இருக்குய்யா" என்று சொல்வது நம் வழக்கம். டாக்டரும் அதை அப்படியே எழுதிவிடுவார். நேற்று வந்த வலியைப் பத்து வருட வலியாகச் சொன்னால், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்ற கேள்வி பின்னால் எழும். எதையும் மறைக்க வேண்டாம். ஆனால், எப்போது ஆரம்பித்தது என்பதை யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் வீடுகளில் பென்ஷனில் பிடித்தம் செய்யப்படும் அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கும். அதுவும் அட்மிட் ஆகி எடுக்கும் சிகிச்சையை மையமாகக் கொண்டதுதான். ஸ்கேனுக்கு முன்பே, திட்ட அட்டையில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்வது நல்லது.

கையில் எந்த அட்டையும் இல்லையா?

அப்போதும் தனியார் சென்டர் மட்டும்தான் வழி என்று இல்லை. எக்ஸ்ரே, அல்ட்ரா சவுண்ட் போன்றவற்றை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் கேட்டுப் பாருங்கள். பெரிய ஸ்கேன்களுக்கு, 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ-க்கு 2,500 ரூபாய் என்ற அளவில் கட்டணம் வைத்தார்கள். தனியாரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். ஆனால் காத்திருப்பு நாள் இருக்கலாம். எனவே, டாக்டரிடம் 'இதை எத்தனை நாளுக்குள்ள எடுக்கணும்?' என்று கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் பொறுக்கலாம் என்றால் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கலாம். இன்றே எடுக்க வேண்டும் என்றால் முடிவு வேறு.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் உட்பட பரிசோதனைகள் இலவசம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இது அவர்களின் உரிமை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். வருமான வரம்போ, காப்பீட்டு அட்டையோ தேவையில்லை.

படம் எடுப்பவர் வேறு, படித்துச் சொல்பவர் வேறு

பணத்துக்கு வழி தெரிந்துவிட்டது. இனி, எங்கே எடுப்பது?

ஸ்கேன் மெஷினை இயக்குபவர் டெக்னீஷியன். அந்தப் படங்களைப் பார்த்து, என்ன நோய் என்று ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். எம்.பி.பி.எஸ் முடித்த பிறகு, ரேடியோ டயக்னோசிஸ் பிரிவில் எம்.டி, டி.என்.பி அல்லது டி.எம்.ஆர்.டி படித்த மருத்துவர் இவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவர் வேறு. பெயர்கள் ஒன்றுபோலத் தெரிவதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எம்.ஆர்.ஐ, சி.டி படங்களை இணையம் வழியாக வேறு ஊரில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குவது இப்போது சகஜம். அதில் தவறில்லை. ஆனால், ரிப்போர்ட்டில் அவர் பெயர், படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம் போனில் பேச முடிய வேண்டும். பெயரை வைத்து, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம்.

அல்ட்ரா சவுண்ட் அப்படியல்ல. வயிற்றின் மேல் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே, திரையில் ஓடுவதைப் பார்த்து அப்போதே முடிவு சொல்லும் பரிசோதனை அது. டாக்டர் நேரில் இருக்க வேண்டும். சிறு நகரங்களில் ரேடியாலஜிஸ்ட் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வந்து போவதும் உண்டு. 'டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?' என்று கேட்காமல், வெறும் வயிற்றோடு காலை 7 மணிக்கே போய் உட்கார்ந்து, மதியம்வரை பசியோடு காத்திருக்க வேண்டாம்.

செல்போன் மேப்பில் 'அருகிலுள்ள ஸ்கேன் சென்டர்' என்று தேடினால் பெயர்களும் நட்சத்திரங்களும் வரும். அந்த நட்சத்திரம், பார்க்கிங் வசதிக்கும் வரவேற்பறை ஏ.சி-க்கும் சேர்த்துப் போட்டது. ரிப்போர்ட் சரியா தவறா என்பது நட்சத்திரம் போடுபவருக்குத் தெரியாது. தேடல் முடிவை வெறும் முகவரிப் பட்டியலாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் போன் செய்து கேளுங்கள்.

'இந்த சென்டர்லதான் எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வது? அங்கே உள்ள மெஷினோ ரேடியாலஜிஸ்ட்டோ குறிப்பிட்ட பரிசோதனைக்கு ஏற்றதாக இருக்கலாம். எனவே, காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள். "கார்டு செல்ற இடத்துல எடுத்துட்டு வரலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. பரிசோதனையை எங்கே செய்வது என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன.

சுவரைப் பாருங்கள்

சென்டருக்குள் நுழைந்ததும் சுவரில் இரண்டு சான்றிதழ்களைத் தேடுங்கள். எக்ஸ்ரே, சி.டி, மேமோகிராம் ஆகியவற்றில் கதிர்வீச்சு உண்டு என்பதால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி கட்டாயம். அல்ட்ரா சவுண்ட் இருக்கும் எந்த இடமும், 1994-ல் இயற்றப்பட்ட கருவின் பாலினம் கண்டறியத் தடைச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் முன் படிவம் நிரப்பச் சொல்வதும் இந்தச் சட்டப்படிதான். 'எதுக்கு இவ்வளவு கேக்குறாங்க' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். படிவமே கேட்காத இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டிலிருந்தே போனில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

பஸ் ஏறும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதை அப்படியே படித்துச் சொல்லிக் கேளுங்கள்.

1. இந்த ஸ்கேன் உங்களிடம் எடுக்கப்படுகிறதா? மருந்து ஏற்றி எடுப்பதா, ஏற்றாமல் எடுப்பதா? இரண்டுக்கும் கட்டணம் வேறு.

2. மொத்தம் எவ்வளவு ஆகும்? ஃபிலிம், மருந்து, ரிப்போர்ட் எல்லாம் அதில் சேர்த்தியா?

3. என்னிடம் இருப்பது இந்த அட்டை (இ.எஸ்.ஐ, முதல்வர் காப்பீடு அல்லது தனியார் பாலிசியின் பெயர்). அட்மிட் ஆகாமல் எடுக்கும் இந்த ஸ்கேனுக்கு அது செல்லுமா?

4. செல்லும் என்றால், முன் அனுமதி யார் வாங்க வேண்டும்? எத்தனை நாள் ஆகும்? என்னென்ன ஆவணம் கொண்டுவர வேண்டும்?

5. ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் யார்? அல்ட்ரா சவுண்ட் என்றால், அவர் எந்த நேரத்தில் இருப்பார்?

6. சாப்பிடாமல் வர வேண்டுமா? தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டுமா? மருந்து ஏற்றுவதாக இருந்தால், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை முடிவு வேண்டுமா?

7. படங்களை ஃபிலிமாக மட்டும் தருவீர்களா, டிஸ்க் அல்லது பென் டிரைவிலும் கிடைக்குமா?

இதய பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த பிளேட், ஸ்க்ரூ இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ-க்கு முன் அதை போனிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாம் என்று நினைப்பவர்கள் எக்ஸ்ரே, சி.டி-க்கு முன் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்து ஏற்றும் ஸ்கேன் என்றால், மாத்திரையை எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிறகு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள டாக்டர் படங்களைக் கணினியில் பார்க்க விரும்புவார். ரிப்போர்ட் காகிதம் மட்டும் இருந்தால், 'இன்னொரு முறை எடுத்துடுங்க' என்ற பதில் வரலாம். உள்ளூரில் கட்டிய பணம் அத்தோடு வீண். முழுப் படங்களும் கையில் இருந்தால், உள்ளூரில் எடுத்த ஸ்கேனே எந்த ஊருக்கும் போதும்.

மறுத்துவிட்டால் எங்கே போவது?

நியாயமாகக் கிடைக்க வேண்டிய க்ளெய்மை நிறுவனம் மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால், இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அல்லது, பக்கத்திலேயே போகலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். இங்கேயும் அந்த நான்கு காகிதங்கள்தான் சாட்சி.

இன்று ராத்திரியே செய்யக்கூடிய வேலை

மூன்று வீடுகளுக்கும் வந்தது ஒரே சீட்டுதான். மில் தொழிலாளி மருந்தகத்திலிருந்து தொடங்க வேண்டும். விசைத்தறி வீடு முன் அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். தனியார் பாலிசி வீடு பணம் கட்டிவிட்டு பில்லைக் காக்க வேண்டும். வழி மாறினால் கஷ்டம் நோயாளிக்குத்தான்.

வலியோடு ஒருவர் படுத்திருக்கும்போது இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பீரோவைத் திறங்கள். வீட்டில் யார் யாருக்கு எந்த அட்டை இருக்கிறது, எண் என்ன, எப்போது காலாவதி, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அட்டையையும் போட்டோ எடுத்து, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். கூடவே, பழைய ஸ்கேன் ஃபிலிம்களை ஒரே பையில் போட்டு, மேலே பெயரும் வருடமும் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை டாக்டர் சீட்டு எழுதும்போது, "எங்கிட்ட இந்தக் கார்டு இருக்கு டாக்டர், இதுக்கு எங்க போகட்டும்?" என்று அந்த அறையிலேயே கேட்டுவிடலாம். கவுன்டருக்குப் போய்க் கலங்கி நிற்க வேண்டியிருக்காது.